மூன்றாவது பெட்டி

மச்சினன் வாங்கி வந்தது இரண்டே பெட்டிகள். அவன் கைபேசி மூன்று என்று காட்டியது.

"ஜோடி சேர்ந்தாச்சு அத்தான்," என்று சொல்லிவிட்டு அவன் திரையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்தான். "ஆனா கூப்பிடாமலே ஒரு ஆளு வந்து உட்கார்ந்திருக்கு."

அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இந்த வீட்டில் கூப்பிடாமல் யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. அப்பா காலத்தில், சொந்தத் தங்கை மகனாக இருந்தாலும் வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் படியேறுவான். அந்த ஒழுங்கை அவர் இன்றுவரை விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தலை நரைத்தவர், ஆனால் முதுகு வளையாதவர். வீட்டுக்கு ஒரு மரியாதை இருந்தால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு இருக்கும் என்று நம்புகிறவர். சுவரில் செருகிய உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று அந்த மரியாதையைக் கேலி செய்வதாகப் பட்டது.

இத்தனைக்கும் அந்தப் பெட்டிகளை வரவழைத்தவர் அவரேதான். காரணம் மகள்.

மகளுக்கு மாடி அறை. அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆட்கள் எங்கோ தூரதேசத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் தொடங்கி இருட்டிய பிறகும் அவள் கணினியில் அவர்களோடு பேசியாக வேண்டும். கீழே முன்னறையில் இருந்த மோடத்திலிருந்து மாடிக்கு நெட் ஏறவில்லை. பேச்சுக்கு நடுவே அவள் முகம் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுகிறதாம். மேலதிகாரி இரண்டு தடவை சொல்லிக் காட்டிவிட்டான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, கூட வேலை செய்யும் ஒருத்தியோடு சேர்ந்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கப்போவதாகச் சொன்னாள்.

அப்பன் வீடு கல்லும் காரையுமாக நிற்கும்போது, கல்யாணமாகாத பெண் ஊரான் வீட்டு மாடியில் குடியேறுவதா? அவருக்கு நாக்கின் நுனிவரை வந்த சொல் ஒன்று இருந்தது. அதைத் தண்ணீரோடு விழுங்கினார். மனைவி முகத்தைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார், குரலை உயர்த்தாமல், மாடிக்கு நெட் வந்துவிட்டால் இருப்பாயா என்று கேட்டார்.

"வந்தா நான் எதுக்குப்பா போறேன்," என்றாள்.

அவருக்கு அது போதும். அவள் இருக்க வேண்டும். மற்றது எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

கணினிக் கடை வைத்திருக்கும் மச்சினன் முதலில் துளை போடும் மிஷினோடுதான் வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான், தளத்தைத் தட்டிப் பார்த்தான், மாடிக்கு ஒரு கேபிள் இழுத்தால் ஒரு மணி நேர வேலை என்றான். அவர் சுவருக்கும் மிஷினுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். அப்பா ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிச் சத்தம் கேட்டு எடுத்து வைத்த சுவர் அது. படம் மாட்ட ஆணி அடிக்கக்கூட அவர் அப்பாவிடம் அனுமதி கேட்டிருக்கிறார்.

"கோட்டைச் சுவரு அத்தான் இது. பீரங்கி வச்சாலும் விழாது. நெட்டு எங்கேருந்து நுழையும்?" என்றான் மச்சினன். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வேறு வழி சொன்னான். சுவருக்குள் ஏற்கெனவே கரண்ட் ஓடும் வயர் இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாம். மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி. இரண்டையும் நேராகச் சுவரில் உள்ள பிளக்கில் செருக வேண்டும். இதில் போவது அதில் வரும். சுவரில் ஒரு கீறல்கூட விழாது.

அவருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. மச்சினன் ஒன்று மட்டும் எச்சரித்தான். வீட்டு வயரிங் ரொம்பப் பழசு, துணி சுற்றிய வயர், அதையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தால் நல்லது.

"இத்தனை வருஷம் அதுல விளக்கு எரியலையா?" என்று அவர் கேட்டார்.

"எரியுது. ஆனா எந்த வயர் எங்க போகுது, எங்க முடியுதுன்னு யாருக்குத் தெரியும்? உங்க அப்பாவுக்குத்தான் தெரியும்."

முன்னறையில் சுவரோடு இருந்த பிளக் ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் மேசைக்குப் பின்னால், மேசை விளக்குக்காக அப்பா போட்டது. அந்த மேசையில் உட்கார்ந்துதான் அப்பா வீட்டை நடத்தினார். மாடிக்கு ஏறியதே இல்லை. கத்தியதும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, கணக்குச் சொல்வது போலச் சொல்வார். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அது கேட்கும். "சரிப்பா" என்று பதில் வரும். அவருக்கும் வெளியூரில் ஒரு நல்ல வேலை கிடைத்த காலம் உண்டு. பெட்டி கட்டி வைத்திருந்தார். அப்பா கீழிருந்து ஒரு வார்த்தை சொன்னார். அவர் மாடியிலிருந்து "சரிப்பா" என்றார். பெட்டியைப் பிரித்தார். அதில் அவருக்கு வருத்தமில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான்.

இப்போது அந்தப் பிளக்கில் பெட்டி செருகியிருந்தது, மோடத்துக்குக் கூடத்திலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வந்தது. மச்சினன் கீழ்ப் பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிப்போய் மேல் பெட்டியின் பொத்தானை அமுக்கினான். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் முறை அது. பச்சை விளக்குகள் எரிந்தன. நெட் மாடியேறியது. மகள் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் திரையில் மூன்று. முதலிலிருந்து அழித்துவிட்டுச் செய்தான். மூன்று.

பக்கத்து வீட்டில் இதே மாதிரி வைத்திருந்தால், ஒரே லைனாக இருந்தால், சில சமயம் சேர்ந்துகொள்ளும் என்றான் மச்சினன். பிறகு அவருடைய கைபேசியிலும் அந்தத் திரையைப் போட்டுக்கொடுத்தான். முதல் பெட்டிக்குக் 'கீழே' என்று பெயர் வைத்தான், இரண்டாவதற்கு 'மேலே'. மூன்றாவது பெயரில்லாமல் இருந்தது. வெறும் கோடு. அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

மறுநாள் காலையிலேயே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்ற வக்கீல். மழைநீர் வடியும் வாய்க்கால் விஷயத்தில் இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. எங்கள் லைனில் கை வைப்பது பெரிய மனுஷன் செய்கிற காரியமா என்று நேராகவே கேட்டார். வக்கீல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து பொத்தான் வைத்த பழைய கைபேசியை எடுத்துக் காட்டினார். அவர் வீட்டில் நெட்டே இல்லை.

"எங்க வீட்டுலேருந்து உங்களுக்கு எதுவும் வரலை சார். உங்க வீட்டுச் சத்தம்தான் எங்களுக்கு வருது," என்றார் வக்கீல். "நேத்து சாயங்காலம் பொண்ணை என்ன பேச்சு பேசுறீங்க. குரல் உசராம பேசுறதால மட்டும் அது மரியாதை ஆயிடாது."

நேற்று சாயங்காலம் அவர் வீட்டில் இல்லை. நடக்கப் போயிருந்தார்.

 ரத்தம் காதுவரை ஏறியது. வீட்டுப் பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது என்பது அப்பா வகுத்த சட்டம். இன்று ஒரு வாய்க்கால் தகராறுக்காரன், கையில் பூவாளியோடு நின்று, உன் வீட்டுப் பேச்சு எனக்குக் கேட்கிறது என்கிறான். அவர் திரும்பி நடந்தார். வழியெல்லாம் கோபம். தன் வீட்டுக்குள் கால் வைத்ததும், பட்டப்பகலில் கதவை உள்ளிருந்து தாழிட்டார், தாழை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

அடுத்த சில நாட்கள் அவருக்குத் தெரிந்து எதுவும் நடக்கவில்லை. மகள் வேலை செய்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது, அது வேலையால் என்று நினைத்தார். பிறகு ஒரு மாலை, வெளிச்சம் இன்னும் முழுக்க இறங்காத நேரம், அவர் முன்னறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து மனைவி, யாருக்கோ பதில் சொல்வது போல, "ஏங்க, போதும், விடுங்க" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மாடிப்படியில் மகள் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, நான் மீட்டிங்ல இருக்கும்போது கீழேருந்து பேசாதீங்க. எல்லாருக்கும் கேட்குது."

அவர் மடியில் பத்திரிகை விரிந்து கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. அதைச் சொன்னார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பொய் சொல்லும் பெரிய மனிதரைப் பார்க்கும் பார்வை அது. அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என்ன பேசினேன், அதையும் சொல் என்றார். அவள் சொல்ல மறுத்தாள். அவர் விடவில்லை.

"போறவ காலை ஒடிச்சு உட்கார வைப்பேன்னு," என்றாள். "தினமும் அதையே சொல்றீங்க. மெதுவா. சிரிச்சுக்கிட்டே. நாளைக்குக் காலையில கிளம்புறேன்பா. நெட்டு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

சமையலறை வாசலில் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளும் கேட்டிருக்கிறாள். அவளும் நம்பவில்லை. மகள் படியேறிப் போன பிறகு, மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் உட்கார்ந்தே இருந்தார்.

அன்று தண்ணீரோடு விழுங்கிய சொல் அதுதான். ஒரு எழுத்து மாறாமல். அதை அவர் உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொந்தமாக யோசித்த சொல்லும் இல்லை அது. பெட்டி கட்டி வைத்திருந்த நாளில் அப்பா கீழிருந்து சொன்ன சொல்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. முன்னறையில் வெளிச்சம் தரையிலிருந்து மெல்ல வடிந்து சுவரோரமாக ஒதுங்கியது. ஈர மண்ணின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, சூடேறிய தூசியும் கருகிய பழந்துணியும் கலந்தது போல, அதற்கும் அடியில், மிக மெலிதாக, சவர்க்காரம். அப்பா முகம் மழித்த சோப்பு. உருண்டையாக, டப்பாவில் வரும், இப்போது கடைகளில் கிடைக்காத சோப்பு. அவர் மூக்கு அதைத் தேடிப்போகாமலே அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் குனிந்தார். பெட்டி இளஞ்சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் உள்ளங்கை போல. அதன் பச்சை விளக்கு துடித்தது. நெட்டில் ஏதாவது போகும்போது துடிக்கும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். ஆனால் மகள் கணினியில் இல்லை. மாடியில் அவள் துணி மடித்து வைக்கும் சத்தம் கேட்டது, அலமாரிக் கதவு திறந்து மூடியது, பயணப் பையின் ஜிப் கரகரவென்று ஓடியது. இருந்தும் விளக்கு துடித்தது. கொஞ்ச நேரம் விடாமல், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு மறுபடியும். ஒருவன் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல. பதில் வராததால் மறுபடியும் சொல்வது போல.

அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தத் தாளத்தின் நிறுத்தங்களில்தான் அவர் மூச்சு விட்டிருக்கிறார்.

பிடுங்கி எறியக் கை போனது. நின்றது. பிடுங்கினால் நெட் போய்விடும், மாடியேறிச் சொல்ல அவளிடம் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. பிடுங்காவிட்டால் நாளைக் காலை அவள் போய்விடுவாள், அப்பன் பொய்யன் என்ற எண்ணத்தோடு. இரண்டில் எது அதிகம் சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இந்தச் சனியன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் போட வேண்டும். இதுதான் பேசியது, நானில்லை. அது ஒன்றுதான் வழி.

மச்சினனுக்குப் போன் செய்தார். அவன் முழுவதையும் கேட்டான். கேலி செய்யவில்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"மெயின் போர்டுல ஒவ்வொரு பீஸ் கட்டையா பிடுங்குங்க அத்தான். திரையைப் பார்த்துக்கிட்டே பிடுங்குங்க. எதைப் பிடுங்கினா அது அணையுதோ, அந்த வயர்லதான் இருக்கு." கொஞ்சம் தயங்கினான். "அக்கா இங்க வந்ததும் நானும் கூட வரேன். அதுவரைக்கும் சிட்டுவைக் கீழ கூப்பிட்டு வச்சுக்கோங்க."

சிட்டு என்பது மகளின் செல்லப் பெயர். கூப்பிட நினைத்தார். இப்போது கூப்பிட்டால் அந்தக் குரல் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கூப்பிடவில்லை.

மெயின் போர்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டார். முதல் பீஸைப் பிடுங்கினார். மாடி இருண்டது. மகள் "கரண்ட் போச்சா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரையில் 'மேலே' அணைந்தது. சரியாகத்தான் இருக்கிறது. சமையலறைப் பீஸைப் பிடுங்கினார். ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. கொல்லைப்புற லைனைப் பிடுங்கினார். முன்னறை லைனைப் பிடுங்கினார். 'கீழே' அணைந்தது.

மூன்றாவது எரிந்தது.

மெயின் சுவிட்சையே இழுத்து இறக்கினார். டக்கென்று ஒரு சத்தம். வீட்டில் இத்தனை காலமாக ஓடிக்கொண்டிருந்த, கேட்டுப் பழகியதால் கேட்காமல் போன ஒரு ரீங்காரம் செத்தது. மழை மட்டும். பெயரில்லாத கோடும் பச்சைப் புள்ளியும் அவர் கைக்குள் எரிந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் அது மூளையில் தைத்தது. மோடத்துக்கும் கரண்ட் இல்லை. மேசைமேல் அது கறுப்பாகக் கிடக்கிறது. பின், இந்தத் திரை யாரைக் கேட்டு இதைக் காட்டுகிறது?

முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"சிட்டு."

அவருடைய குரல். அவருடைய கனிவு. சின்ன இருமல்கூட அவருடையது. அவர் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். இடது கை வாயை இறுகப் பொத்தியிருந்தது. எப்போது பொத்தினார் என்று தெரியவில்லை.

"சும்மா இருங்கப்பா," என்றாள் மகள் மேலிருந்து. குரலில் அழுகை இருந்தது. "நான் போகத்தான் போறேன்."

குரல் பேசியது. தாழ்ந்து, நிதானமாக, கணக்குச் சொல்வது போல. சொற்கள் பிடிபடவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்து தொடங்கி, சுவருக்குள் ஏறி, அவர் தலைக்கு மேலே படிக்கட்டுச் சுவரோடு ஓடி, மாடிக்குப் போனது. அது போகும் வழியைக் காதால் தொட முடிந்தது. எந்த வயர் எங்கே போகிறது, எங்கே முடிகிறது.

நிறுத்தம்.

அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். "நான் இல்லம்மா!" என்று கத்தினார். வாழ்நாளில் முதல் முறையாகக் கத்தினார். அந்தக் கத்தல் சுவரில் மோதியது. அதே கணத்தில் சுவருக்குள்ளிருந்தும் "நான் இல்லம்மா" என்றது. மெதுவாக. சிரித்துக்கொண்டே.

நிறுத்தம்.

"சரிப்பா," என்றாள் மகள்.

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. சண்டை போடுவாள், கிண்டல் செய்வாள், கதவைச் சாத்துவாள். இது வேறு. இந்த "சரிப்பா" அவருக்குத் தெரியும். இது அவர் வாயில் ஆயுள் முழுக்க இருந்தது.

ஓடினார். முழங்கால் வலித்தது. இருட்டில் கைப்பிடி வழுக்கியது. படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த சுவிட்ச் போர்டு அவர் காதோரம், "சரிப்பா" என்றது.

மகளின் குரல்.

நின்றார். அது மாடி அறையிலிருந்து வரவில்லை. போர்டுக்குள்ளிருந்து வந்தது. அவர் ஏறிக்கொண்டிருக்க, அது இறங்கிப் போனது. கீழே கூடத்துப் போர்டில் ஒரு முறை. சமையலறையில் ஒரு முறை. பிறகு முன்னறையில், மேசைக்குப் பின்னால், மிகச் சின்னதாக.

"சரிப்பா."

அறைக் கதவு திறந்திருந்தது. அவர் கூப்பிட்டார்.

"சிட்டு."

ஜன்னலில் மழை. கட்டிலில் ஜிப் போட்ட பயணப் பை. தரையில் அவள் செருப்பு இரண்டும், கழற்றி விட்டது போல் இல்லாமல், நின்றவள் நின்றபடியே இல்லாமல் போனது போல், சுவரைப் பார்த்து, ஜோடியாக. சுவரை ஒட்டி. செருப்பின் முனை சுவரைத் தொட்டபடி.

அவள் எங்குமே போகவில்லை. பை இங்கே இருக்கிறது.

கைபேசித் திரையின் வெளிச்சத்தைச் சுவரில் திருப்பினார். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக். அதில் செருகியிருந்த பெட்டி கழன்று தரையில் கிடந்தது. கம்பி எதுவும் இல்லாமல், கரண்ட் இல்லாமல், அதன் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. பிளக்கின் துளைகள் கறுப்பாக இருந்தன. ஒரு துளையிலிருந்து ஏதோ தொங்கியது.

குனிந்தார்.

முடி. நீளமாக, ஈரமாக, ஒரு கொத்து. காலையில் மகள் தன் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, எண்ணெய் அதிகம்மா என்று அலுத்துக்கொண்ட முடி. அது அசைந்தது. காற்றில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி, துளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

கைபேசியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். வழுக்கியது. விரலில் சுற்றினார். இழுத்தார். உள்ளே ஏதோ தடுத்தது, மெதுவான, உயிருள்ள ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் இருந்தது நிறுத்தியது. முடி நின்றது. அவர் பிடித்துவிட்டார். விடமாட்டார். தோள் சுவரில் முட்ட, நெற்றி சுவரில் பதிய, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார். சுவருக்குள் அவள் மூச்சு கேட்டது. மிக அருகில். ஒரு செங்கல் தூரத்தில்.

தரையில் மல்லாந்து கிடந்த கைபேசித் திரையின் வெளிச்சம் விட்டத்தில் விழுந்திருந்தது. கண்ணோரத்தில் திரை தெரிந்தது. பெயரில்லாத கோடு. அதற்குக் கீழே, புதிதாக ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் எழுத்து. சிட்டு.

"டேய்," என்றது கீழிருந்து.

அவர் உடம்பு நிமிர்ந்தது. உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. அந்த ஒருவர் எரிந்து சாம்பலாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. இப்போது அந்தக் குரல் அவருடையது இல்லை. எப்போதுமே அவருடையதாக இருந்ததில்லை.

"விடுடா. வீட்டுப் பொண்ணு வீட்டுல இருக்கட்டும்."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். கோபம் இருந்தது. ஐம்பது வருஷக் கோபம், நெஞ்சு வெடிக்க இருந்தது. அது தொண்டை வரை வந்தது. நாக்கில் ஏறியது.

சுவருக்குள் அவள் மூச்சு வேகமானது.

நிறுத்தம்.

"சரிப்பா," என்றார்.

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முடி கடைசி நுனிவரை மெல்ல உள்ளே போனது.